ஒரு பலூனுக்கும் அனுமதியில்லை

மார்ச் 2, திங்கள்

நிரஞ்சனா புத்தாண்டுக்கு வாங்கித் தந்த டைரி. இரண்டு மாதம் அலமாரியில் தூங்கியது. இன்று எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஆய்வு மையத்துப் பதிவேட்டில் அழுத்தமும் வெப்பநிலையும் மட்டும்தான் எழுதலாம்; யாரையும் திட்டி எழுத அதில் கட்டம் கிடையாது. இந்த மாதம் நான் நிறையப் பேரைத் திட்ட வேண்டியிருக்கும். அதற்கு ஓர் இடம் வேண்டும்.

பிற்பாடு என் மகள் இதைப் படித்துவிட்டு ஒன்றும் புரியவில்லை என்று சொல்லக் கூடாது. அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். இந்த நல்லாம்பதி ஆய்வு மையத்தில் நான் குளிர்விப்புப் பிரிவின் தலைவி. சூரியனுக்குள் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒன்றோடொன்று இணைந்து ஹீலியமாகின்றன. அப்போது வெளிவரும் வெப்பம்தான் நம் தலையில் அடிக்கும் வெயில். அதையே தரையில் செய்து மின்சாரம் எடுக்க முடியுமா என்று பார்ப்பது எங்கள் வேலை. பிளாஸ்மா என்கிற அவ்வளவு சூடான வாயுவை எந்தப் பாத்திரமும் தாங்காது. காந்தத்தால் அந்தரத்தில் பிடித்து நிறுத்த வேண்டும். அந்தக் காந்தச் சுருள்களோ திரவ ஹீலியத்தில் குளிர்ந்தால்தான் வேலை செய்யும். நடுவில் கோடிக்கணக்கான டிகிரி, இரண்டு முழம் தள்ளி மைனஸ் இருநூற்று அறுபத்தொன்பது. நடுவில் இருப்பது மற்றவர்கள் பாடு. அந்தக் குளிர் என் பாடு.

எங்கள் எந்திரம் சின்னது. அணுக்கருவை இணைக்கும் அளவுக்கு அது இன்னும் வளரவில்லை. வாயுவை அந்தரத்தில் நெடுநேரம் பிடித்து வைக்கக் கற்றுக்கொள்வதுதான் இப்போதைய பாடம். இதுவரை நாற்பது நொடி பிடித்திருக்கிறோம். இந்த முறை நூறு என்று வாயை விட்டிருக்கிறோம்.

அந்த நூறுக்கு ஒரே ஒரு வாய்ப்புத்தான். ஹீலியம் கப்பலில் வருவது. இந்த வருடம் எங்களுக்கு வர வேண்டியது வரவில்லை, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. கையில் இருப்பது ஒருமுறை குளிர்விக்க மட்டும் போதும். நடுவில் சூடாக்கிவிட்டு மறுபடி குளிர்விக்கலாம் என்றால், வழியில் வீணாகிப் போகிற கொஞ்சத்தை ஈடுகட்ட எங்களிடம் ஒன்றுமில்லை. இதில் மையத்தை மூடலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய டெல்லியிலிருந்து ஒரு குழு வேறு வருகிறது. முப்பத்தொன்றாம் தேதி எனக்கு ஓய்வு.

இன்று காலை வால்வைத் திறந்தேன். குளிர ஆரம்பித்துவிட்டது.

மார்ச் 5, வியாழன்

பிளாஸ்மா பிரிவில் புதிதாகச் சேர்ந்த பையன் தவறான குழாயைத் திருகி ஒரு மூச்சு ஹீலியத்தை வெளியே விட்டுவிட்டான். வழக்கப்படி வடை வாங்கினான்.

எங்கள் மீட்பு அறையில் ஒரு பெரிய ரப்பர் பை இருக்கிறது. எந்திரத்திலிருந்து ஆவியாகி வரும் ஹீலியம் அதில் வந்து சேரும், கம்ப்ரசர் அதை அமுக்கி மறுபடியும் திரவமாக்க அனுப்பும். நிரம்பினால் உப்பி உருண்டு நிற்பதால் அதற்குப் பூசணி என்று பெயர். யார் கையால் ஹீலியம் காற்றில் போனாலும் அன்றைக்கு மொத்த ஷிப்டுக்கும் அவர் உளுந்து வடை வாங்க வேண்டும். முதல் வடையைக் கையில் வைத்துக்கொண்டு பூசணி முன்னால் நின்று “தாயே, மன்னிச்சுக்கோ” என்று சொல்ல வேண்டும். நான் ஆரம்பித்த வழக்கம். கேலிக்காக ஆரம்பித்ததில்லை. மற்ற வாயு எது போனாலும் பூமியில் எங்கேயாவதுதான் இருக்கும். ஹீலியம் மேலே ஏறி, கடைசியில் பூமியை விட்டே போய்விடும். போனது போனதுதான்.

இத்தனை வருடத்தில் நான் ஒருநாளும் வடை வாங்கியதில்லை.

நிர்வாக அதிகாரி கிருபாநிதி வந்தார். குழுவுக்குப் பதினொன்றாம் தேதி வரவேற்பு, எந்திரக் கூடத்திலேயே நடக்கிறது, நாதஸ்வரம், சந்தனம், எல்லாம் உண்டு, நான்தான் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும் என்றார். எந்திரம் முழுக் குளிரில் இருக்கும்போது கூடத்துக்குள் கூட்டம் சேர்ப்பதே முதல் தப்பு என்றேன். டைரக்டர் அனுமதி கொடுத்துவிட்டாராம். அப்படியானால் அவரே ஏற்றட்டும். கடையைப் பூட்ட வருகிறவர்களுக்கு ஆரத்தி எடுக்க என்னால் முடியாது. என் பிரிவும் வெற்றிடப் பிரிவும் சேர்ந்து ஏழு பேர், ஒருத்தரும் வர மாட்டோம் என்று சொல்லி அனுப்பினேன். மற்ற ஆறு பேரை நான் கேட்கவில்லை. சொன்னதும் ஒத்துக்கொண்டார்கள்.

மார்ச் 8, ஞாயிறு

மைனஸ் நூற்றுத் தொண்ணூறு. முழங்கால் வலியா என்று கேட்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

வந்துவிட்டது. மத்தியானம் எல்லாச் சுருளும் மைனஸ் இருநூற்று அறுபத்தொன்பதில் நின்றன. வெற்றிடப் பிரிவுத் தனபால் திரையைப் பார்த்துக் கும்பிட்டான். நான் கும்பிடவில்லை, இரண்டாவது டீ குடித்தேன். சந்தோஷம் தாங்கவில்லை என்பதை இங்கே எழுதலாம், யாரும் பார்க்கப் போவதில்லை.

டைரக்டர் மாசிலாமணி வந்து கைகொடுத்தார். பிளாஸ்மா கணக்கில் பெரிய ஆள். குழாய், வால்வு என்றால் தூரத்தில் நின்றே பார்ப்பார். நாளை நீங்கள் வந்தால் நன்றாக இருக்கும் என்று மெதுவாகச் சொன்னார். வர மாட்டேன் என்றேன். சரி என்று போய்விட்டார். எதற்கும் சரி சொல்லும் மனிதர். இவர் முதுகெலும்பை எந்தக் கடையில் அடகு வைத்தாரோ.

சாயங்காலம் நிரஞ்சனா போன். திருப்பூரில் பனியன் கம்பெனிக் கூரைகளில் சோலார் மாட்டும் கம்பெனியில் இருக்கிறாள். “மேல ஒரு சூரியன் சும்மா எரிஞ்சுட்டு இருக்குதும்மா. நான் அதைப் புடிச்சு வித்துட்டு இருக்கேன். நீ இன்னும் புதுசா ஒண்ணு செஞ்சுட்டே இருக்க” என்றாள். ராத்திரிக்கும் மழைக்காலத்துக்கும் அவள் என்ன விற்பாள் என்று கேட்டேன். பேட்டரி என்றாள். பதிலுக்குப் பதில் வைத்திருப்பாள், என் வயிற்றில் பிறந்தவள்தானே. ஓய்வுக்குப் பிறகு தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 11, புதன்

வரவேற்பு நடந்தது. நாங்கள் ஏழு பேரும் கம்ப்ரசர் அறையில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டோம். கம்ப்ரசர் சத்தத்தில் நாதஸ்வரம் கேட்கவே இல்லை. நடுவில் கைதட்டல் மட்டும் ஒருமுறை பலமாகக் கேட்டது.

மார்ச் 12, வியாழன்

கசிவு.

எழுதிவிட்டுப் பார்க்கிறேன், கை ஒத்துக்கொள்ளவில்லை. கசிவு என்று கருவி சொல்கிறது. அப்படித்தான் எழுத வேண்டும்.

எந்திரத்தைச் சுற்றி ஒரு வெற்றிட உறை இருக்கிறது. சூடு உள்ளே போகாமலிருக்க ஃபிளாஸ்க்கில் இருப்பது போல. அந்த வெற்றிடத்தில் ஹீலியம் தட்டுப்படுகிறதா என்று மட்டும் முகர்ந்து பார்க்க ஒரு கருவி வைத்திருக்கிறோம். குளிர்ந்த குழாய் ஏதாவது உள்ளே கசிந்தால் அது காட்டிக்கொடுக்கும். நேற்று மாலையிலிருந்து அந்தக் கோடு ஏறுகிறது. காலையில் பார்க்கும்போது வழக்கமான அளவைப் போல ஐம்பது மடங்கு.

சரியாக அந்த நேரத்தில்தான் குழு கண்ட்ரோல் அறைக்குள் வந்தது. தலைவி ஓர் அம்மாள், குட்டையான நரைமுடி, காட்டன் புடவை. திரையில் அந்தச் சிவப்புக் கோட்டை அவரே கண்டுபிடித்து இது என்ன என்று கேட்டார்.  நான் சொன்னேன். கசிகிற எந்திரத்தில் சோதனை நடத்துவது ஆபத்து இல்லையா என்றார். கசிந்தால் ஆபத்துத்தான் என்றேன். அப்படியானால் சூடாக்கிப் பிரித்துப் பாருங்கள், சோதனை வேண்டாம் என்று டைரக்டரிடம் சொல்லிவிட்டுப் போனார். சனி ஞாயிறு ஊட்டி, திங்கள் திரும்பி வந்து அறிக்கை.

சூடாக்கினால் எல்லாம் முடிந்தது. மறுபடி குளிர்விக்க ஹீலியம் கிடையாது, நூறு நொடி கிடையாது, ‘ஒன்றும் சாதிக்கவில்லை’ என்று எழுதி மூடிவிடுவார்கள்.

“ஏழாம் நம்பர் ஜாயிண்டா இருக்குமோங்க மேடம்?” என்றான் தனபால். போன வருடம் அந்த இணைப்பைச் சோதித்துச் சரி என்று சொன்னது நான். அதுவாக இருக்காது.

மார்ச் 13, வெள்ளி

டைரக்டர் காலையிலேயே என் அறைக்கு வந்து நின்றுகொண்டே பேசினார்.

“சூடாக்கிடுங்க மேடம்.”

“முடியாதுங்க சார்.”

சுருள்களின் வெப்பநிலை ஒரு துளி ஏறவில்லை, வெற்றிடத்தின் அழுத்தம் மாறவில்லை, உள்ளே நிஜமாகக் கசிந்தால் இரண்டும் ஆடியிருக்கும் என்றேன். அப்படியானால் ஹீலியம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். தெரியாது என்றேன். எனக்குக் காரணம் தெரியவில்லை என்பது எந்திரத்தைக் கொல்லக் காரணமாகாது என்றும் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன்.

“எழுத்துல குடுங்க சார். உங்க கையெழுத்தோட. அப்பறம் பாக்கலாம்.”

“எழுத்துலயா?” என்று கேட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சரி. எழுத்துல தர்றேன்.”

முகம் ஒரு மாதிரி தெளிந்தது. என்னோடு வாதாடுகிற வேலை முடிந்த நிம்மதியாக இருக்கும்.

உத்தரவு மத்தியானம் வரும் என்றார்கள். வரவில்லை. மாலையில் கேட்டால் டைப் செய்கிற அம்மா அரைநாள் லீவாம். ஒரு பக்கக் கடிதத்துக்கு டைப்பிஸ்ட் இல்லாமல் தவிக்கிற டைரக்டர். இவர் கையில்தான் நாட்டின் எதிர்கால மின்சாரம் இருக்கிறது.

நானும் தனபாலும் குழாய் குழாயாகப் பார்த்தோம். ஒன்றும் அகப்படவில்லை. கோடு இறங்கவும் இல்லை.

ஏழாம் நம்பர் இல்லை.

மார்ச் 14, சனி

காலையில் உத்தரவு வந்தது. அதில் எந்திரத்தின் பெயரே தப்பாக இருந்தது. திருப்பி அனுப்பினேன். திங்கட்கிழமை சரியாக வரும் என்று பதில். ஒரு கடிதம் எழுதத் தெரியாதவரோடு இத்தனை வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன்.

பதினொரு மணிக்கு வீட்டு வாசலில் நிரஞ்சனா வந்து நின்றாள், டிபன் கேரியரில் அரிசியும்பருப்பு சாதத்தோடு. நேற்றுப் போனில் என் குரல் சரியில்லையாம். என் குரல் நன்றாகத்தான் இருந்தது.

சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொன்னேன். கேலி செய்வாள் என்று நினைத்தேன், செய்யவில்லை. பேச்சை மாற்றுவதற்காக, மையத்துப் பேஸ்புக் பக்கத்தில் வரவேற்புப் படங்கள் போட்டிருந்தார்கள் என்றாள்.

“எல்லாப் போட்டோவுலயும் தேடிப் பாத்தேன். ஒண்ணுலகூட நீ இல்லையேம்மா.”

நான் எதற்கு அந்தக் கூத்தில் இருக்கப் போகிறேன் என்றேன். எப்போதும் ஒரு ஓரத்திலாவது நீ இருப்பாய், நான் பார்ப்பேன் என்று சொல்லிக்கொண்டே படத்தைப் புரட்டினாள். புரட்டிக்கொண்டு போனவளின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

எந்திரக் கூடம். நடுவில் குழுத் தலைவி கையில் ரிப்பனின் நுனி. வலை அவிழ்ந்து கூரையை நோக்கிப் பலூன்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், எண்ணவே முடியாது, முந்நூறு இருக்கும். கீழே எல்லோரும் அண்ணாந்து கைதட்டுகிறார்கள். கிருபாநிதி எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரிக்கிறார்.

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினேன். “அம்மணி, வண்டியை எடு” என்றேன்.

கூடத்தின் விளக்குகளுக்கு மேலே எப்போதும் இருட்டு. டார்ச் அடித்துப் பார்த்தோம். கிரேன் உத்தரத்துக்குப் பின்னால், கூரைத் தகட்டை ஒட்டி, சுருங்கிப்போன பலூன்கள் கொத்துக் கொத்தாகச் சிக்கிக் கிடந்தன. தூசி வரக்கூடாது என்று எப்போதும் பூட்டிக் கிடக்கும் கூடம். அந்த விதியை எழுதியவள் நான். மூன்று நாளாக முந்நூறு பலூனிலிருந்து ஹீலியம் ஒழுகிக் கூடத்துக் காற்றில் கலந்திருக்கிறது. உறையின் ரப்பர் வளையங்கள் வழியாக வெளிக்காற்றின் ஹீலியம் எப்போதுமே சொட்டுச் சொட்டாக உள்ளே ஊறும். கருவிக்கு அது பழக்கம். வெளியே ஐம்பது மடங்கானால் உள்ளேயும் ஐம்பது மடங்கு. எந்திரம் கசியவில்லை. எங்கள் மூக்குக்கு முன்னால் நாங்களே புகை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

கூடத்தில் இருந்த ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. கணக்குப் போடுகிறவர்களுக்குப் பலூன் என்றால் பலூன். தோன்றியிருக்கக்கூடிய ஏழு பேரும் கம்ப்ரசர் அறையில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் போயிருந்தால் முதல் பலூன் வாசலைத் தாண்டும்போதே நிறுத்தியிருப்பேன். அதை ஒருமுறை எழுதியாகிவிட்டது, மறுபடி எழுத மாட்டேன்.

தனபாலைக் கூப்பிட்டேன். நான்கு பக்கத்து ஷட்டரையும் தூக்கினோம். கூரையில் இருந்த பழைய காற்றாடிகள் ஓடுமா என்று சந்தேகம். ஒன்றைத் தவிர எல்லாம் ஓடின. நிரஞ்சனா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கிரேன் மேடைக்கு ஏறி, துடைப்பக் குச்சியால் பலூன்களைத் தள்ளிவிட்டாள். நான் ஏறப் போனதற்கு இருவரும் சேர்ந்து என்னை அதட்டினார்கள். கீழே நின்று பொறுக்கினேன்.

மார்ச் 15, ஞாயிறு

கோடு இறங்குகிறது. ரப்பர் குடித்ததைக் கக்க நேரம் எடுக்கும் என்று தெரியும். தெரிந்தும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். நிரஞ்சனா திரும்பிப் போகவில்லை. கண்ட்ரோல் அறையில் என் நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பில் யாருக்கோ சோலார் விற்றுக்கொண்டிருக்கிறாள்.

கிருபாநிதிக்குப் போன் செய்து விளக்கிச் சொன்னேன்.  “கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு பண்ணுனதுங்க மேடம். பலூனுக்குள்ள என்ன கேஸ்னு யாருங்க கேப்பாங்க?” என்றார். அழுகிற குரல். நான் வைத்திருந்த வசவெல்லாம் வீணாகிவிட்டது. நாளை காலை அதே கடையிலிருந்து ஒரு பலூன் வாங்கி வரச் சொன்னேன். ஒன்றே ஒன்று.

மார்ச் 16, திங்கள்

காலையில் கோடு பழைய இடத்தில் படுத்துக் கிடந்தது. என்ன அழகு.

உத்தரவும் வந்தது. எந்திரத்தின் பெயர் சரி, தேதி சரி, ‘உடனடியாகச் சூடாக்கவும்’ என்பதும் சரி. கையெழுத்து மட்டும் இல்லை. திருப்பி அனுப்பினேன். கையெழுத்துப் போட மறந்த டைரக்டரை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. மறதிக்காரர் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

பத்து மணிக்குக் குழு வந்தது. டைரக்டர் என்னைப் பேசச் சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார். படம், அட்டவணை எதுவும் நான் தயார் செய்யவில்லை. எல்லோரையும் கூடத்துக்குக் கூட்டிப் போனேன். உறையின் ஒரு ரப்பர் வளையத்தைச் சுற்றிப் பாலிதீன் பையைக் கட்டி, கிருபாநிதி கொண்டுவந்த சிவப்புப் பலூனை அதற்குள் வைத்து, வெளியிலிருந்து ஊசியால் குத்தினேன்.

 தெரிந்தே ஹீலியத்தை வெளியே விடுவது இதுதான் முதல் தடவை.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. குழுவில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் உள்ளுக்குள் என்னவெல்லாமோ நினைத்துவிட்டேன், ஏழாம் நம்பரையும் சேர்த்து. பிறகு சிவப்புக் கோடு தலைதூக்கி ஏற ஆரம்பித்தது. பையை அவிழ்த்துக் காற்றாடியைப் போட்டேன். அரைமணிக்குள் இறங்க ஆரம்பித்தது. சூடாக்காமலே கசிவு அடைபட்டுவிட்டது என்று சொன்னேன்.

தலைவி அம்மாள் நிறையக் கேள்வி கேட்டார், எல்லாம் நல்ல கேள்விகள். கடைசியில், இன்னொரு தடவை செய்து காட்ட முடியுமா என்றார்.

முடியாது என்றேன். ஒரு பலூனுக்கு மேல் இங்கே அனுமதியில்லை என்றேன்.  அந்த அம்மாள் முதல்முறையாகச் சிரித்தார். புதன்கிழமை சோதனைக்கு இருந்து பார்த்துவிட்டுப் போகிறோம் என்றார்.

சாயங்காலம் மொத்த ஷிப்டுக்கும் உளுந்து வடை வாங்கினேன். பூசணி முன்னால் நின்று சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தனபால் வீடியோ எடுத்தான். அவனை என்ன செய்வது என்று பிறகு யோசிக்கிறேன்.

மார்ச் 18, புதன்

முதல் தடவை பன்னிரண்டு நொடியில் அணைந்தது. இரண்டாவது முப்பது. அதற்கு மேல் காலையில் போகவில்லை. மத்தியானம் யாரும் சாப்பிடப் போகவில்லை.

நாலு மணிக்கு மேல் ஒரு தடவை. எல்லோரும் பெரிய திரையில் அந்த ஊதா வெளிச்சத்தைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை, என் பதினாறு சுருள்களின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பது என்று யாரோ சொன்னார்கள். எட்டாவது சுருள் ஒரு துளி ஏறியது, வால்வை ஒரு மயிரிழை திறந்தேன், இறங்கியது. எண்பது. முதுகுக்குப் பின்னால் யாரோ நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்க்க நேரமில்லை. நூறு என்ற சத்தம் வந்தது. அது தானாக அணையவில்லை. திட்டமிட்ட இடத்தில் நாங்கள்தான் அணைத்தோம். அந்த வித்தியாசத்துக்காகத்தான் இத்தனை வருடம்.

திரும்பினால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றது மாசிலாமணி. கண் கலங்கியிருந்தது. நானும் அழுதேன், எல்லோரும் பார்க்கத்தான்.

நிரஞ்சனாவுக்குப் போன் செய்தேன். “நூறாம்மா?” என்று கேட்டாள், பத்தாம் வகுப்பு மார்க் கேட்கிற மாதிரி.

மார்ச் 20, வெள்ளி

மறுபடி நூறு. மறுபடி நூறு. இன்று இரண்டு தடவை.

மார்ச் 26, வியாழன்

குழுவின் அறிக்கை வந்தது. மூடவில்லை. இரண்டு வருடம் கொடுத்திருக்கிறார்கள், நிபந்தனைகளோடு. முதல் நிபந்தனை: ஹீலியம் வீணாவதைக் கண்டிப்பாகக் குறைக்க வேண்டும். எனக்கே பாடம் சொல்கிறார்கள். கடைசி நிபந்தனை: என் பதவி நான் போனதும் நீக்கப்படும், பொறுப்பைத் தனபால் சேர்த்துப் பார்ப்பான். அவன் பயந்துபோய் வந்து உட்கார்ந்தான். பயப்படு, அப்போதுதான் வால்வை மெதுவாகத் திருகுவாய் என்றேன்.

அடுத்த வாரம் எந்திரத்தைச் சூடாக்குகிறோம். இப்போது சூடாக்கலாம், வேலை முடிந்தது. உள்ளே இருக்கிற அத்தனை ஹீலியமும் வெளியே வந்து பூசணிக்குள் போக வேண்டும். அந்த ஒரு வாரம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது, ஆளாளுக்கு அவசரப்படுவார்கள். தேதியைப் பார்த்தேன். முதல் தேதி ஆரம்பம். என் கடைசி நாளுக்கு மறுநாள்.

மார்ச் 31, செவ்வாய்

எனக்கு வழியனுப்பு விழா. கிருபாநிதி முந்தாநாளே வந்து, மல்லிகைப்பூ மட்டும்தான் மேடம், வேறு எதுவும் கிடையாது என்று சத்தியம் செய்தார். இந்த மையத்தில் நான் மேடையேறிய முதல் விழா இதுதான். முன்வரிசையில் நிரஞ்சனா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள். போதும் போதும் என்கிற அளவுக்குப் படங்கள்.

மாசிலாமணி சால்வை போர்த்தினார். பேச்சு மோசமாக இருந்தது, பாதி கணக்கு. கீழே இறங்கும்போது ஒரு கவரைக் கையில் திணித்தார்.

“ஒரு கையெழுத்து பாக்கி இருக்கு மேடம். இனிமே போட்டா செல்லாது, நீங்களே வெச்சுக்குங்க.”

உள்ளே சூடாக்கச் சொன்ன அந்த உத்தரவுகள் இருந்தன. மூன்று. வெள்ளிக்கிழமை தேதியிட்ட ஒன்றும் இருந்தது. டைப்பிஸ்ட் இல்லாமல் நின்றுபோனதாகச் சொன்ன அந்தக் கடிதம், பிழையில்லாமல், முழுசாக. எனக்கு வந்து சேரவே இல்லை.

பதினாறாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். மறதிக்காரர் என்று எழுதியிருக்கிறேன். அடிக்கவில்லை. இருக்கட்டும். முதுகெலும்பு பற்றி எழுதியதை மட்டும் அடித்துவிட்டேன்.

காரில் திரும்பும்போது, உன் எந்திரத்துக் கரண்ட்டு எப்பம்மா என் வீட்டுக்கு வரும் என்று நிரஞ்சனா கேட்டாள். எல்லோரும் கேட்பதுதான், ஆனால் இந்த முறை கேலியில்லை. எனக்குத் தெரியாது, நான் பார்க்க மாட்டேன், நீயும் பார்ப்பது சந்தேகம், ஆனால் வரும் என்றேன். அடுப்பு எரிந்தால் சாம்பல் மிஞ்சும், இந்த அடுப்பில் மிஞ்சுகிற சாம்பல் ஹீலியம்.

“அன்னைக்கு யாரு வேண்ணா பலூன் விடட்டும், அம்மணி. நம்மளே செஞ்ச ஹீலியம். அதுவரைக்கும் ஒண்ணுகூட விட மாட்டேன்.”

நீதான் ரிட்டயர் ஆகிவிட்டாயே என்றாள். நாளைக் காலையில் சாமான்களை ஏற்ற வண்டி சொல்லியிருக்கிறாளாம், திருப்பூருக்கு.

வண்டியை மத்தியானத்துக்குத் தள்ளச் சொன்னேன். பிறகு அடுத்த வாரத்துக்குத் தள்ளச் சொன்னேன். அவள் போனை எடுத்து வண்டிக்காரரிடம் அடுத்த வாரம் வரச் சொன்னாள். பூசணி நிரம்புகிற வாரம் இது. அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அதனால் நாளை எட்டு மணி ஷிப்டுக்குக் கேட்டில் பார்வையாளர் சீட்டு வாங்க வேண்டும். யாரைப் பார்க்க என்று கேட்டால் பூசணியை என்று சொல்வேன். விடவில்லை என்றால் விடுகிற வரைக்கும் அங்கேயே நிற்பேன். முழங்கால் வலிக்கிறது.